நிர்வாகத்தின் மேல் நம்பிக்கை போன பிறகு முன்னாள் மாணவர் சங்கத்தில் இருப்பதா, விலகுவதா?

கேள்வி: சுயநிதிப் பொறியியல் கல்லூரி ஒன்றில் படித்தேன். பல வருடங்களாக அதன் முன்னாள் மாணவர் சங்கத்துக்குச் செயலாளர். ஏழை மாணவர்களுக்கென்று பேட்ச் நண்பர்களிடம் வசூலித்துக் கொடுத்த பணம் எந்த மாணவருக்குப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை. தாளாளரிடம் கேட்டால், "நம்ம காலேஜ் மேலயே சந்தேகமா?" என்கிறார். மனது விட்டுப்போய்விட்டது. விலகிவிடலாமா, உள்ளே இருந்தே சரிசெய்ய முடியுமா?

பதில்:

விலகுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் உங்கள் சங்கத்தின் பை-லாவை, அதாவது சங்க விதிகளை, வாங்கிப் படியுங்கள். செயலாளராக இருந்தும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை என்று நீங்கள் சொன்னால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். நான் ஆடிட்டர். கல்லூரிச் சங்கங்கள் சிலவற்றின் கணக்கைப் பார்த்திருக்கிறேன், என் சொந்தக் கல்லூரிச் சங்கத்தில் பொருளாளராகவும் இருந்திருக்கிறேன். பை-லா பெரும்பாலும் கல்லூரி அலுவலகத்தில் ஏதாவது ஒரு பீரோவில் கிடக்கும். சாவி மேனேஜரிடம் இருக்கும்.

அதில் மூன்று விஷயத்தைத் தேடுங்கள்: தலைவர் யார், உறுப்பினர் யார், செக்கில் கையெழுத்துப் போடுவது யார். நான் பார்த்தவரை வழக்கமான ஏற்பாடு இதுதான். தாளாளர் புரவலர். முதல்வர் பதவிவழித் தலைவர். பொருளாளர் அதே கல்லூரியில் வேலை பார்க்கும் ஒரு பேராசிரியர். அவரும் முன்னாள் மாணவர்தான், ஆனால் சம்பளம் தாளாளர் கையில். வங்கிக் கணக்கை இயக்குவது முதல்வரும் அந்தப் பேராசிரியரும். வெளியிலிருந்து வந்து உழைக்கிறவர்களுக்குச் செயலாளர், துணைத் தலைவர், சென்னைக் கிளை ஒருங்கிணைப்பாளர் என்று பதவிகள் உண்டு. மேடையில் நாற்காலி கிடைக்கும், சால்வை கிடைக்கும். பணத்தை எங்கே செலவழிப்பது என்பதில் குரல் கிடைக்காது.

இப்படி ஒரு ஏற்பாட்டில் கணக்குக் கேட்டால் தாளாளருக்குச் சுருக்கென்று கோபம் வரத்தான் செய்யும். அவரைப் பொறுத்தவரை சங்கம் என்பது கேன்டீன், ஹாஸ்டல், பஸ் மாதிரி கல்லூரியின் ஒரு பிரிவு. நீங்கள் அதைத் தனி அமைப்பு என்று நினைத்து உழைத்திருக்கிறீர்கள். உங்கள் கசப்பு தொடங்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அவர் நல்லவரா, நன்றி கெட்டவரா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். நல்ல தாளாளர் இருந்தாலும் இதே பை-லாவில் இதே பிரச்சினை கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

சங்கம் பதிவான தேதியையும் பாருங்கள். கல்லூரி ஆரம்பித்துப் பல வருடம் சும்மா இருந்துவிட்டு, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் ஆய்வுக்குழு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவசர அவசரமாகப் பதிவு செய்த சங்கங்கள் நிறைய. காரணம் உண்டு. 2017-ல் நாக் கொண்டுவந்த மதிப்பீட்டு முறையில் மொத்தம் 1000 மதிப்பெண். அதில் 5.4 என்ற பிரிவு முன்னாள் மாணவர்களுடையது, அதற்கு 10 மதிப்பெண். பதிவு செய்யப்பட்ட சங்கம் இருக்கிறதா, பணமாகவோ வேறு வகையிலோ கல்லூரி வளர்ச்சிக்கு என்ன செய்தது என்று அந்தப் பிரிவு கேட்கிறது. சங்கத்துக்குத் தேர்தல் நடந்ததா, கணக்கு உறுப்பினர்களுக்குப் போனதா என்று கேட்பதில்லை. ஆக, நீங்கள் வருடம் முழுக்க ஓடியாடிச் செய்த வேலையை நிர்வாகம் பார்க்கிற கண்ணாடியில் அதன் மதிப்பு ஆயிரத்துக்குப் பத்து. அதை ஒரு ஃபைலில் போட்டுக் கட்டிவிட்டால் அவர்களுக்கு வேலை முடிந்தது.

ஆய்வுக்குழு வரும் நாளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காலையிலேயே முன்னாள் மாணவர்களை ஏசி ஹாலில் உட்கார வைத்துவிடுவார்கள். ஒரு உதவிப் பேராசிரியர் நோட்டும் கையுமாக வந்து பேட்ச், கம்பெனி, ஊர் எல்லாம் குறித்துக்கொள்வார். "சார், லேப் வசதி பத்தி ஒருத்தர், பிளேஸ்மென்ட் பத்தி ஒருத்தர் பேசினாப் போதும். ஹாஸ்டல் விஷயம் மட்டும் வேண்டாம்" என்று காதோடு சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்வார். நீங்கள் ஒரு சனிக்கிழமை லீவு போட்டு வந்து நடத்திய மாக் இன்டர்வியூ, மூலையில் அட்சரேகை தீர்க்கரேகை அச்சான ஜியோ டேக் போட்டோவாக ஃபைலில் ஏறியிருக்கும். அன்றைக்கு உட்கார்ந்த பிள்ளைகளில் யாருக்கு வேலை கிடைத்தது என்ற தாள் அந்த ஃபைலில் இருக்காது.

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, சொல்லிவிடுகிறேன். கலந்தாய்வில் இடம் நிரம்பாத கல்லூரிகளுக்குப் பத்து மதிப்பெண்ணும் பெரிது. கணக்குக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஒரு ரூபாய் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று தாளாளர்கள் புலம்புவதும் பொய்யில்லை. சரி, பணத்துக்கு வருவோம்.

உதவித்தொகையைக் கட்டணப் பாக்கியில் வரவு வைப்பது தன்னளவில் தப்பு கிடையாது. இன்ன மாணவர், இன்ன பதிவெண், அவர் கட்ட வேண்டிய தொகையில் இவ்வளவு கழிந்தது என்று ரசீது இருந்தால் உங்கள் பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. மாணவர் பெயரே இல்லாமல் கல்லூரியின் பொது வரவில் கலந்துவிடுவதுதான் பிரச்சினை. எங்கள் சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஆண்டு விழா மேடையில் அட்டையில் செய்த பெரிய செக்கை ஒரு மாணவியிடம் கொடுத்துப் படம் எடுத்தார்கள். நிஜமான செக்கையும், அவள் பெயரும் பதிவெண்ணும் எழுதிய கடிதத்தையும் முதல்வரிடம் கொடுத்தோம். செமஸ்டர் பரீட்சை நெருங்கும்போது அந்தப் பெண் போன் செய்தாள். "சார், ஃபீஸ் பாக்கின்னு ஹால் டிக்கெட் தர மாட்டேங்கிறாங்க." அக்கவுண்ட்ஸ் பிரிவில் போய்ப் பார்த்தால், செக் வந்த தேதியில் 'நன்கொடை – முன்னாள் மாணவர்' என்று ஒரு வரி. அவளுடைய கட்டணக் கணக்கில் ஒரு பைசா ஏறவில்லை. கடிதம் முதல்வர் மேஜையைத் தாண்டவே இல்லை, செக் மட்டும் கீழே இறங்கியிருக்கிறது. "அட்ஜஸ்ட் பண்ணிடலாம் சார், இதுக்கு எதுக்கு இவ்வளவு டென்ஷன்" என்றார் முதல்வர். ஹால் டிக்கெட்டும் கிடைத்தது. ஆனால் மற்ற மாணவர்கள் பெயரில் கொடுத்த பணத்தைப் பற்றிக் கேட்ட கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

யாரும் திருடினார்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் கேட்க ஆளில்லாத இடத்தில் பணம் தானாகவே பெரிய கணக்கைப் பார்த்துத்தான் ஓடும்.

பணக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதையும் கவனியுங்கள். சென்னை ஐஐடியில் 1970-ல் எம்.டெக் முடித்த கிருஷ்ணா சிவுகுலா, 2024-ல் அங்கே 228 கோடி ரூபாய் கொடுத்தார். ஒரு கட்டடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அந்த அளவு பணம் போகும்போது எதற்கு, எப்படி என்று எழுத்தில் ஒப்பந்தம் இருக்கும். ஆயிரம், இரண்டாயிரம் என்று ஜிபேயில் அனுப்புகிற உங்கள் பேட்ச்காரர்களோடு யாரும் ஒப்பந்தம் போடுவதில்லை. அவர்களுக்குச் சங்கத்தின் பை-லாவும் பொதுக்குழுவும்தான் ஒப்பந்தம். அது ஓட்டையாக இருந்தால் அவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

அதனால் இனிமேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும் எழுத்தில் நிபந்தனையோடு கொடுங்கள். உங்கள் தொகையின் வட்டியில் மட்டும் வருடாவருடம் உதவித்தொகை தர வேண்டும், அசலைத் தொடக் கூடாது என்பது உங்கள் விருப்பம் என்றால், அதை மூலநிதிக்கான நன்கொடை என்று கொடுப்பவர் குறிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் வருமான வரிக் கணக்கில் அது கல்லூரியை நடத்தும் அறக்கட்டளையின் சாதாரண வரவு, அவர்கள் இஷ்டப்படி செலவழிக்கலாம். வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது கிடைக்கிறதே என்பதற்காக அறக்கட்டளைக்கே அனுப்புகிறோம் என்பார்கள் சிலர். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 80ஜி சலுகையே கிடையாது. உங்கள் பேட்சில் பலர் அந்தப் பக்கம் போயிருப்பார்கள். அவர்கள் நேரடியாக மாணவரின் கட்டணத்தையே கட்டி, மாணவர் பெயரில் ரசீது வாங்கிக்கொள்ளலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர்கள் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அவர்கள் தருவது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை, எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

அடுத்து, உள்ளே இருந்து சரிசெய்ய முடியுமா என்ற கேள்வி. உங்கள் சங்கம் 1975-ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது என்றால் கையில் கொஞ்சம் ஆயுதம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு பொதுக்குழு கூட்ட வேண்டும். கணக்கையும் நிர்வாகிகள் மாற்றத்தையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் ஆனவற்றின் நகலைக் கட்டணம் கட்டி வாங்கலாம். இதை முதலில் செய்யுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டதாகவே சில தாள்கள் அங்கே இருக்கலாம், அதையும் பார்த்துவிடுவது நல்லது. சங்கத்தின் நிர்வாகத்தையும் நிதி நிலையையும் பற்றி விசாரிக்கப் பதிவாளருக்கு அதிகாரம் உண்டு. அவர் தானாகவும் விசாரிக்கலாம். செயற்குழுவில் பெரும்பான்மையோ, உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினரோ மனுக் கொடுத்தாலும் விசாரிக்கலாம்.

அந்த மூன்றில் ஒரு பங்கில்தான் பலர் மாட்டிக்கொள்வார்கள். 'இக்கல்லூரியில் படித்து முடித்த அனைவரும் உறுப்பினர்' என்று பை-லாவில் ஒரு வரி இருக்கும். படிக்க இனிமையான வரி. கடைசி வருடம் பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூஸ் சான்று வாங்கும்போது சங்கக் கட்டணம் என்று பிடித்துக்கொண்டு எல்லோரையும் ஆயுள் உறுப்பினராக்கிவிடுவார்கள். பதினைந்தாயிரம் பேர் படித்து வெளியேறிய கல்லூரியில் ஐயாயிரம் கையெழுத்தை எங்கே போய் வாங்குவது? அந்தக் கட்டணம் எந்தக் கணக்கில் சேர்கிறது என்பதையும் விசாரியுங்கள். பல சங்கங்களுக்கு மிகப் பெரிய வரவே அதுதான். மாணவனுக்கு அப்படி ஒன்று கட்டியதே நினைவிருக்காது.

ஐக்யூஏசி என்கிற தர உறுதிக் குழுவில் முன்னாள் மாணவர் பிரதிநிதி இருக்க வேண்டும் என்பது நாக் விதி. உங்கள் கல்லூரியில் அது யார் என்று பாருங்கள். தாளாளரின் உறவினராக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டக் குழுவுக்கும் ஒரு முன்னாள் மாணவர் உண்டு, ஆனால் அவரை நியமிப்பது முதல்வர். தகவல் உரிமைச் சட்டத்தைப் பொறுத்தவரை, அரசிடம் கணிசமாக நிதி பெறும் கல்லூரிகள் அதற்குக் கட்டுப்பட்டவை என்று 2019-ல் டிஏவி கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உதவிபெறும் கல்லூரிக்காரர்களுக்கு அது உதவும். உங்களுடையது சுயநிதி என்பதால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

நிர்வாகத்தை எதிர்த்து முன்னாள் மாணவர்கள் ஜெயித்ததே இல்லையா என்றால், உண்டு. எனக்கு மிகப் பிடித்தது அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள ஸ்வீட் பிரையர் கல்லூரிக் கதை. பெண்கள் கல்லூரி. இறந்துபோன மகளின் நினைவாக ஒரு தாய் உயிலில் எழுதிவைத்த சொத்தில் 1901-ல் நிறுவப்பட்டது. 2015 மார்ச் 3 அன்று அதன் தலைவர் ஜேம்ஸ் ஜோன்ஸ் மாணவிகளையும் ஆசிரியர்களையும் கூப்பிட்டு, அந்தக் கோடையோடு கல்லூரியை மூடுகிறோம் என்று அறிவித்தார். கல்லூரியின் நிதியில் எட்டுக் கோடி டாலருக்கு மேல் இருந்தது. அவ்வளவு நாளும் நன்கொடை வசூலித்துக் கொடுத்து, புது மாணவிகளைச் சேர்க்க ஊர் ஊராகத் தன்னார்வலராக அலைந்த பழைய மாணவிகளுக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லை.

அவர்கள் கல்லூரியின் முன்னாள் மாணவியர் அமைப்பு வழியாக மனுக் கொடுத்துக்கொண்டு உட்காரவில்லை. 'சேவிங் ஸ்வீட் பிரையர்' என்று தனி அமைப்பு தொடங்கினார்கள். வக்கீலாக இருந்தவர் சட்டம் பார்த்தார், கணக்குத் தெரிந்தவர் கல்லூரியின் நிதி அறிக்கையைப் பிரித்துப் போட்டார். அந்த மாவட்ட அரசு வழக்கறிஞர் எலன் போயர், கல்லூரிக்கு எதிராக வழக்குப் போட்டார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜூனில் மாநில அட்டர்னி ஜெனரல் நடுவில் நின்று சமரசம் செய்துவைத்தார். பழைய மாணவிகள் 1.2 கோடி டாலர் தர வேண்டும், தலைவரும் அறங்காவலர் குழுவில் பெரும்பான்மையினரும் விலக வேண்டும் என்பது சமரசத்தின் சாரம். பணத்தைக் கொடுத்தார்கள், நிர்வாகம் மாறியது, கல்லூரி இன்றும் நடக்கிறது. அந்தக் கோடையில் பழைய மாணவிகள் வளாகத்துக்கே வந்து தங்கி, சுவருக்கு வண்ணம் அடித்து, களை பிடுங்கி, கல்லூரி திறக்கத் தயார் செய்தார்கள் என்பது எனக்கு அந்த வழக்கைவிடப் பிடித்த பகுதி.

நியூயார்க்கின் கூப்பர் யூனியனில் இன்னும் மெதுவாக நடந்தது. நூறு வருடத்துக்கும் மேலாகக் கட்டணமே வாங்காமல் நடந்த கல்லூரி அது. புதுக் கட்டடத்துக்காகவும் மற்றதற்காகவும் 17.5 கோடி டாலர் கடன் வாங்கி, சமாளிக்க முடியாமல் 2013-ல் கட்டணம் வசூலிக்கப்போவதாக அறிவித்தார்கள். மாணவர்கள் தலைவரின் அலுவலகத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2015-ல் தலைவர் ராஜினாமா செய்தார், மாநில அட்டர்னி ஜெனரல் தலையிட்டு அதே வருடம் ஒப்பந்தம் வந்தது. படிப்படியாகக் கட்டணத்தை விலக்கும் வேலை இன்னும் நடக்கிறது.

இரண்டு இடத்திலும் முன்னாள் மாணவர்களுக்குப் பின்னால் அரசின் சட்ட அதிகாரி வந்து நின்றார். நம் ஊரில் அப்படி யாரும் தானாக வந்து நிற்பது அபூர்வம். 1908-ஆம் வருட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவில் ஒரு வழி இருக்கிறது. பொது அறக்கட்டளையில் அக்கறை உள்ள இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ நீதிமன்ற அனுமதி வாங்கி வழக்குப் போடலாம். அனுமதி கிடைக்கவே காலம் பிடிக்கும். வேலை, குடும்பம், இஎம்ஐ எல்லாம் வைத்துக்கொண்டு ஒரு உதவித்தொகை நிதிக்காக அந்த வழியில் இறங்கச் சொல்லி நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன். கல்லூரி நிலத்தையே விற்கிறார்கள் என்றால் அது வேறு கதை.

உங்கள் விஷயத்தில் என் யோசனை இதுதான். தாளாளரிடம் நேரில் பேசியது போதும். சங்கத் தலைவராக இருக்கும் முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: கடைசி மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட், உதவித்தொகை பெற்ற மாணவர் பட்டியல், அடுத்த பொதுக்குழுத் தேதி. குற்றச்சாட்டு ஒரு வரிகூட வேண்டாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரமாக வையுங்கள். செக் கையெழுத்தில் வெளியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் சேர வேண்டும் என்று பொதுக்குழுவுக்கு ஒரு தீர்மானமும் கொடுங்கள். கணக்கு வந்தால், தேதி குறித்தால், இன்னும் ஒரு வருடம் இருந்து பாருங்கள். "வாங்க, காபி சாப்பிட்டுக்கிட்டே பேசலாம், எதுக்கு லெட்டர் எல்லாம்" என்று போன் மட்டும் வந்தால், அதுதான் பதில். விலகுங்கள்.

சங்கத்தை விட்டு விலகினால் மாணவர்களை விட்டு விலக வேண்டியதில்லை. எங்களில் சிலர் இப்போது எந்தப் பெயர்ப் பலகையும் இல்லாமல், ஜூனியர்களிடமே விசாரித்து, கஷ்டப்படுகிற பிள்ளைகளின் கட்டணத்தை நேரே கட்டுகிறோம். மேடை கிடையாது, யாரும் சால்வை போர்த்துவதில்லை, ஆனால் ரசீது அன்றைக்கே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. கொஞ்சம் பெரிதாகச் செய்ய நினைத்தால் ஏழு பேர் சேர்ந்து தனிச் சங்கமே பதிவு செய்யலாம். கல்லூரிப் பெயரை வைத்தால் வக்கீல் நோட்டீஸ் வரும், பேட்ச் பெயரில் வையுங்கள். படித்த அரசுப் பள்ளிக்குச் செய்யலாம் என்று தோன்றினால், 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தையும் பாருங்கள்.

விலகுவதையும் முறையாகச் செய்யுங்கள். ராஜினாமாக் கடிதத்தில் காரணம் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், தேதி மட்டும் தெளிவாக இருக்கட்டும். செயலாளர் மாறியதைப் பதிவாளரிடம் தாக்கல் செய்தார்களா என்று பார்த்து நகல் வாங்குங்கள். இல்லையென்றால் அடுத்த வருடக் கணக்கிலும் உங்கள் பெயர்தான் இருக்கும், நோட்டீஸும் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். ரசீதுப் புத்தகங்களை முதல் எண், கடைசி எண் எழுதி ஒப்படையுங்கள். உங்கள் மெயிலில் இருக்கும் முன்னாள் மாணவர் போன் நம்பர் பட்டியலை மட்டும் யோசித்துக் கொடுங்கள். அட்மிஷன் சீசனில் டெலிகாலர்கள் கைக்கு அது போய்ச் சேருவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் நம்பி நம்பர் கொடுத்தது உங்களிடம், அதனால் குழுவில் ஒரு செய்தி போட்டு, வேண்டாம் என்கிறவர்களின் பெயரை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள். எதைக் கொடுத்தாலும் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்காமல் கொடுக்காதீர்கள்.